நகரி தாண்டிப் பிடிபட்டால்: வக்கீல் விஷயத்தில் செய்யும் தவறுகள்

திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா: நகரி, அப்புறம் புத்தூர், திருப்பதி. கடைவீதியில் தமிழ் பேசியே காலம் தள்ளிவிடலாம். ஸ்டேஷனுக்குள் போனால் காகிதமெல்லாம் தெலுங்கு. ஜவ்வாது மலையிலிருந்து மரம் வெட்ட வந்து செம்மர வழக்கில் மாட்டுகிற கூலிக்காரர் முதலில் சறுக்குவது இங்கேதான்: என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. கைது மெமோவில் கையெழுத்து உண்டு. போடுமுன் அதிலுள்ள தேதி, நேரத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். செவ்வாய் இரவு பிடித்துவிட்டு வியாழன் காலை என்று எழுதினால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் விதி தாளில் மட்டும்தான் காப்பாற்றப்படும். (பயண நேரம் கணக்கில் சேராது.) விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்துக்கோ கையெழுத்து வாங்கவே கூடாது. போலீசிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். கைதுக்கான காரணத்தைப் பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. தமிழில் கேட்பது தயவு கேட்பதாகாது.

அடுத்தது வீட்டார் செய்யும் தவறு. “இப்பவே வக்கீல் வெச்சா கேஸ் பெரிசாயிடும், ரிமாண்டுக்கு அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, கைதான நிமிடத்திலிருந்தே விருப்பமான வக்கீலிடம் ஆலோசனை கேட்கும் உரிமையைத் தருகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, விசாரணை நடக்கும்போதே வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது. ஆனால் விசாரணை முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைக்காதீர்கள், சந்திக்கத்தான் உரிமை.

கூட்டிவந்த மேஸ்திரியே வக்கீலை அனுப்பினால் ஒருமுறை யோசியுங்கள். அனுப்பியவரின் பெயர் வெளியே வராமல் இருப்பதில் அந்த வக்கீலுக்கும் அக்கறை இருக்கலாம். வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் தாளில், நீங்கள் கையெழுத்துப் போடும்வரை யாரும் உங்கள் வக்கீல் அல்ல.

பணம் இல்லை என்று சும்மா இருப்பதும் தவறு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. இந்த உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண் 15100. வழக்கு திருப்பதியில் என்றால் வக்கீல் தருவதும் அந்தப் பகுதிக்கான சட்டப் பணிகள் அமைப்புதான்.

மாஜிஸ்திரேட் தெலுங்கில் ஏதோ கேட்பார். புரியாமல் தலையாட்டிவிட்டால் ‘புகார் எதுவும் இல்லை’ என்று பதிவாகிவிடும். அங்கே சத்தமாகச் சொல்ல வேண்டியது இரண்டே வரி: “எனக்குத் தெலுங்கு தெரியாதுங்க ஐயா. எனக்கு வக்கீல் இல்லீங்க.”