சிவப்பு முட்டைக்கோஸ் ஆப்பிள் வதக்கல்

இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸும் ஆப்பிளும் ஒன்றாகவே அறுவடைக்கு வரும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் அருமையான துணைக்கறி. நான்கு பேருக்கு 500 கிராம் சிவப்பு முட்டைக்கோஸ், புளிப்பான ஆப்பிள் 2, வெங்காயம் 1, வெண்ணெய் 20 கிராம் வேண்டும்.

நடுத்தண்டை நீக்கி, கோஸை அரை சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்குங்கள். இன்னும் மெல்லியதாக அரிந்தால் குழைந்துவிடும். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி, கோஸைப் போட்டு 5 நிமிடம் கிளறுங்கள்.

உடனே 2 மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. சிவப்புக் கோஸின் நிறமி புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும். புளிப்பு இல்லாமல் வெந்தால் கறி நீலம் பாய்ந்து, பார்க்கவே மங்கிப்போகும். அப்படி ஆகிவிட்டால் இன்னும் ஒரு கரண்டி வினிகர் விட்டுக் கிளறுங்கள், கண்ணெதிரே சிவப்பு திரும்பும். வெறும் இரும்புச் சட்டி வேண்டாம். புளிப்பு பட்டால் இரும்பு வாடை ஏறும்.

ஒரு ஆப்பிளைத் துருவிச் சேர்த்து, 1 மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு, 2 கிராம்பு, 100 மி.லி. தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் 30 நிமிடம் வேகவிடுங்கள். துருவிய ஆப்பிள் கரைந்து சாறைக் கெட்டியாக்கும். மற்றதைத் துண்டாக்கிக் கடைசி 10 நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் உருத்தெரியாது. தண்ணீர் மிஞ்சினால் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும்.