மருத்துவக் காப்பீடு கட்டாயமா? அமெரிக்காவில் வாழ்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பது இப்போது கட்டாயமில்லை என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஒபாமாகேர் என்று அறியப்படும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 முதல் காப்பீடு இல்லாதோர் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து அபராதம் கட்ட வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம், 2019 முதல் அந்தத் தொகையைச் சுழியமாக்கியது. கட்டாயப் பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் கட்ட வேண்டிய பணம்தான் இல்லை.

இதை வைத்து நாட்டில் எங்குமே அபராதம் கிடையாது என்று முடிவு செய்வதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. மாசசூசெட்ஸ் 2006ஆம் ஆண்டிலேயே சொந்தச் சட்டம் இயற்றிவிட்டது. நியூ ஜெர்சியும் தலைநகர் வாஷிங்டனும் 2019இலும், கலிபோர்னியாவும் ரோட் ஐலண்டும் 2020இலும் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. தமிழர்கள் பெருமளவில் வேலை பார்க்கும் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் இப்பட்டியலில் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். டெக்சாஸில் காப்பீடின்றி இருந்து பழகிய ஒருவர், ஆண்டின் நடுவில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து அப்படியே தொடர்ந்தால், அங்கு வாழ்ந்த மாதங்களுக்கான அபராதம் மாநில வரிக் கணக்கில் வந்து நிற்கும். குறைந்த வருமானம், காப்பீடு இல்லாத குறுகிய இடைவெளி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை உரிய படிவத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

ஏதோ ஒரு பாலிசி கையில் இருந்தால் போதும் என்பதும் தவறு. பயணக் காப்பீடு, மருத்துவச் செலவுக்கான தள்ளுபடி அட்டை, குறுகிய காலத் திட்டம் ஆகியவை இந்தக் கட்டாயத்தை நிறைவு செய்யாது.

அபராதம் இல்லாத மாநிலத்தில் வாழ்பவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. நோய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள்; ஆனால் ஒபாமாகேர் சட்டப்படி அமைந்த அரசுக் காப்பீட்டுச் சந்தையில் தனிநபர்கள் வாங்கும் திட்டங்களில் நினைத்த நாளில் சேர முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் சேர்க்கைக் காலம் நவம்பர் 1 அன்று தொடங்கி, குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு திருமணம், குழந்தைப் பேறு, வேலையோடு வந்த காப்பீட்டை இழத்தல் போன்ற மாற்றம் நேர்ந்தால் பொதுவாக 60 நாள் அவகாசம் கிடைக்கும். நோய் கண்டறியப்பட்டது மட்டும் அதற்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே வேலை போன துயரத்தில் இருப்பவர்கள், நிறுவனக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும்.