ப்ராட்மூரில் காலம் தள்ளுவது எப்படி

சரி, இது 1875 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலை செய்தது நீங்கள்தான், ஆனால் புத்தி பேதலித்துப் போய்ச் செய்தீர்கள் என்று லண்டனில் ஜூரி சொல்லிவிட்டது. தூக்குக் கயிறு தப்பியதே என்று மூச்சு விடுவதற்குள் மகாராணியின் சித்தம் உள்ளவரை அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவாகிறது. அதாவது தேதி கிடையாது. சாதாரணக் கைதியாவது சுவரில் கோடு போட்டு நாளை எண்ணுவான், உங்களுக்கு அதுவும் இல்லை. உள்துறை அமைச்சர் மனசு வைத்தால்தான் வெளியே வர முடியும்.

இடம் இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் க்ரௌதோர்ன் ஊரில் இருக்கும் ப்ராட்மூர், குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்து வைக்க 1863ல் திறந்த செங்கல் கட்டடம். சங்கிலி போடுவார்களோ என்று பயப்படாதீர்கள், போடமாட்டார்கள். முரண்டு பிடித்தால் தனியறை, அவ்வளவுதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிளாக் கணக்கு. ஆண்கள் பக்கம் ஆறு பிளாக். ஒன்றும் ஆறும் அடங்காதவர்களுக்கு, இரண்டாவதுதான் சொகுசு. சண்டை போடாமல், தோட்டத்திலோ தையல் கூடத்திலோ செருப்பு தைக்கும் இடத்திலோ ஒழுங்காக வேலை பார்த்து (கொஞ்சம் காசும் கணக்கில் ஏறும்), இரண்டாவது பிளாக்குக்கு நகரப் பாருங்கள். அங்கேதான் டாக்டர் மைனர் இருக்கிறார், லாம்பெத்தில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். ஓய்வூதியம் வருவதால் இரண்டு அறை, சுவர் நிறையப் புத்தகம். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகத் துண்டுத் தாள்களில் சொற்களுக்குப் புத்தகங்களிலிருந்து மேற்கோள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அதே மனிதர், ராத்திரியில் தரைக்கு அடியிலிருந்து ஆட்கள் ஏறி வந்து தன்னை வதைப்பதாகக் காலையில் புகார் சொல்வார். எனக்கு இந்த இடத்தின் மொத்த விசித்திரமும் அந்த ஒரு அறையில் தெரிகிறது.

கண்காணிப்பாளரோடு மட்டும் வம்பு வேண்டாம். 1866ல் ஒருவர் கைக்குட்டையில் கல்லை முடிந்துகொண்டு போய், தேவாலயத்திலேயே மேயரின் தலையில் அடித்தார். இங்கே மேயர் என்பது பதவி இல்லை, முதல் கண்காணிப்பாளரின் பெயர். 1882ல் அடுத்தவர் ஆரஞ்சுக்கும் அதே பாணியில் ஒரு அடி விழுந்தது.

விடுதலைக்கு மனசு தெளிந்தால் மட்டும் போதாது, உங்களைப் பொறுப்பேற்க வெளியே ஒரு சொந்தக்காரர் வேண்டும். ஆகவே கடிதம் எழுதுவதை விடாதீர்கள், அலுவலகத்தில் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பதை மறக்காமல். பிரசவத்துக்குப் பின் புத்தி கலங்கிப் பெற்ற பிள்ளையையே கொன்றுவிட்ட பெண்கள் இங்கே நிறைய. தெளிந்த பிறகு வீட்டுக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு.

தப்பிப்பதா? 1888ல் ஜேம்ஸ் கெல்லி என்பவர் கிடைத்த உலோகத் துண்டை அராவிச் சாவி செய்து சுவரேறிப் போனார், பிடிபடவே இல்லை. 39 வருஷம் கழித்து, 1927ல், கிழவனாக அவரே திரும்பி வந்து வாசலில் நின்று உள்ளே விடச் சொன்னார். விட்டார்கள்.