மழலையின் இசை நாட்டம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வயதுப் பிள்ளை கோயில் மேளத்துக்குத் தலையாட்டினாலோ, அம்மம்மா மாலையில் பாடும் தேவாரத்தின் கடைசி வரியைச் சேர்ந்து இழுத்தாலோ, யாழ்ப்பாணத்து வீடுகளில் உடனே எழும் பேச்சு, "இந்தப் பிள்ளையைப் பாட்டுக்கு விடவேணும்" என்பதுதான். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால், நாட்டம் தெரிந்த மறுநாளே அதைத் தேர்ச்சியாக மாற்றிவிட முற்படும்போது, விளையாட்டாக வளர்ந்துவந்த ஒன்று வேலையாகிவிடுகிறது.

இப்படி நேரும் தவறுகளுள் அடிக்கடி நிகழ்வதும் எவரும் தவறென்று கருதாததும் "பாடிக் காட்டு" என்ற கட்டளையாகும். வீட்டுக்கு வந்த மாமிக்கு ஒருமுறை, கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வரும் பெரியப்பாவுக்கு ஒருமுறை, லண்டனில் இருக்கும் சித்திக்கு இன்னொருமுறை எனப் பிள்ளை பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முற்றத்தில் மண் அளைந்தபடி தனக்காக முணுமுணுத்த பாட்டை, முகத்துக்கு நேரே நீட்டிய கைத்தொலைபேசியின் முன் பாடச் சொன்னால் சில பிள்ளைகள் வாய் திறப்பதேயில்லை. அவர்களுக்குக் "கூச்சம்" என்று பெயர் சூட்டப்படுகிறது. வேறு சிலர் கைதட்டு வாங்கிய வரியை மட்டுமே திரும்பத் திரும்பப் பாடப் பழகி, புதிதாக எதையும் பாடிப் பார்க்கும் துணிவை இழக்கிறார்கள். இரண்டாவது நிலையே எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனெனில் அது வெற்றிபோலத் தோற்றமளிக்கும். உறவினருக்குக் காட்ட வேண்டுமென்றால், நீங்கள் முதலில் பாடத் தொடங்குங்கள். விரும்பினால் பிள்ளை சேர்ந்துகொள்ளட்டும், விரும்பாவிட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

பாடினால் ரொபி தருவேன் என்று ஆசைகாட்டுவதும் இதைச் சார்ந்ததே. 1973 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட முன்பள்ளிப் பிள்ளைகள், பின்னர் பரிசில்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பாட்டுக்கும் அவ்வாறே நேராது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

விஜயதசமியன்று ஏடு தொடக்குவதோடு சங்கீதத்தையும் தொடக்கிவைப்பது நல்ல வழக்கம். அடுத்த வாரமே மூன்று வயதுப் பிள்ளையைப் பாயில் அமர்த்திக் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுப்பதுதான் பொருந்தாதது. இதற்குக் குரலோடு தொடர்புடைய தெளிவான காரணமுண்டு. சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் கீழ்ச் சட்ஜத்திலிருந்து ("ச") மேல் சட்ஜம்வரை, எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு ஸ்தாயி முழுவதையும் கடக்கிறது. மூன்று வயதுக் குரலோ ஏறத்தாழ ஐந்து சுர அளவுக்குள்தான் சிரமமின்றி இயங்குகிறது. அம்மா ஐந்து கட்டைச் சுருதியில் பாடும்போது அவருடைய ஆதார சட்ஜம் பிள்ளைக்குத் தாழ்ந்துபோகிறது. அதிலிருந்து ஐந்தாம் சுரமான பஞ்சமத்துக்கு மேலேதான் அந்தக் குரல் இயல்பாக ஒலிக்கத் தொடங்கும். எட்டாத சுரத்தை எட்டச் சொன்னால் பிள்ளை கத்தும், தொண்டை கம்மும், அதற்கும் சேர்த்துத் திருத்தம் விழும். நாலைந்து சுரங்களுக்குள் அடங்கும் தாலாட்டும் சாய்ந்தாட்டுப் பாட்டும் இந்த வயதுக்கு மிகப் பொருத்தமானவை. அவற்றையும் பிள்ளை தானாகப் பாடும் உயரத்தைக் கேட்டு, அந்த உயரத்திலேயே நீங்கள் பாடவேண்டும்.

சுருதி விலகும்போதெல்லாம் நிறுத்தித் திருத்துவது அடுத்த தவறு. குழந்தைகள் பெரும்பாலும் முதலில் சொற்களையும், பின்னர் மெட்டின் ஏற்ற இறக்கத்தையும், அதற்கும் பின்னரே சுரங்களின் சரியான இடத்தையும் பிடிக்கிறார்கள். சுருதியோடு ஒட்டிப் பாடும் ஆற்றல் பாடசாலைப் பருவத்திலும் தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். தாளமும் அப்படியே. சிறு பிள்ளை இயல்பாகத் தட்டும் வேகம் பெரியவர்களின் வேகத்தைவிட விரைவானது என்பதால், ஆதி தாளத்தை விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், போட்டு அதற்கு இணங்கச் சொல்வது வீண் வருத்தம். சிரட்டையையோ பானை மூடியையோ பிள்ளை தட்டும்போது, அந்த வேகத்துக்கு நீங்கள் இணங்கிப் பாடினால், இருவர் சேர்ந்து இசைப்பது என்னவென்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடும்.

காதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த பாதுகாப்பான கேட்டல் அளவு, பிள்ளைகளுக்கு 75 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி கூடக்கூட இந்த நேரம் விரைவாகச் சுருங்கும். 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவில், ஆர்வமுள்ள பிள்ளையென்று தவிலுக்கு அருகிலோ ஒலிபெருக்கிக்கு முன்னாலோ தூக்கிப் பிடிக்காமல், தள்ளி நின்று கேட்கச் செய்யுங்கள். கைத்தொலைபேசியில் பாட்டுக் காணொளிகளை ஓடவிட்டு அதை இசைப் பயிற்சியென்று எண்ணவும் வேண்டாம். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாமென்றும், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதென்றும் அதே நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. மொசாட்டின் இசை குழந்தையின் மூளையை வளர்க்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவியிருக்கிறது. அதற்கு மூலமான 1993 ஆம் ஆண்டு ஆய்வு பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்டது. அதில் கண்ட பயனும் சில நிமிடங்களே நீடித்தது.

தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை உந்துவோரும் உண்டு. 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த அவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். அத்தகைய வீட்டில், பாடம் தொடங்குவதற்கு முன்பே ஒலி பிள்ளையைச் சூழ்ந்திருக்கிறது; நம் வீடுகளில் நாம் கொடுக்கத் தவறுவது அதைத்தான். ஒப்பிடுவதை விட்டுவிட்டுச் சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பெற்றோர் பாடட்டும், குரல் எப்படியிருந்தாலும்.

வகுப்புக்கு ஆறு வயதளவில் அனுப்பினால் போதும் என்பது என் கருத்து. அதற்குள் பாட்டுப் படிக்க வேணுமென்று பிள்ளை தானாகக் கேட்பதும், கால் மணி நேரம் ஒன்றில் மனம் ஊன்றி இருப்பதும் நல்ல அறிகுறிகள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை எந்த வயதில் எழுதலாம் என்ற கணக்கை, வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடம் எழுப்பாதீர்கள். முதல் சில வகுப்புகளில் உடனிருந்து, பிழை விடும் பிள்ளையிடம் அவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குரல் கடுமையாக இருந்தால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.