ராக்கெட் கிட் கட்டுகிறீர்களா? பசை டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மாடல் ராக்கெட் கிட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் எடையே இல்லாத சாமான்கள். ஓர் அட்டைக்குழாய், பிளாஸ்டிக்கிலோ பால்சா மரத்திலோ ஒரு மூக்குக் கூம்பு, துடுப்பு வெட்ட ஒரு பால்சாத் தகடு, சில அட்டை வளையங்கள், எலாஸ்டிக், பாராசூட். கையில் எடுத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், "இது தாங்குமா?" கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தாங்க வேண்டுமே என்று பசையை இன்னொரு சுற்று பூசுகிறோம், பெயின்ட்டை மூன்று கோட் அடிக்கிறோம், துடுப்பின் அடியில் டேப் ஒட்டுகிறோம். கஞ்சத்தனத்தால் கெட்ட ராக்கெட்டுகளை விடத் தாராளத்தால் கெட்டவையே அதிகம் என்பது என் கட்சி. ஏனென்றால் இப்படிச் சேர்க்கும் எடையில் பெரும்பங்கு வால் பக்கம் போய்ச் சேர்கிறது.

ராக்கெட் நேராகப் போக ஒரு கணக்கு இருக்கிறது. அதன் நிறை மையம், காற்றின் விசை வந்து கூடும் அழுத்த மையத்தை விடக் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது மூக்குப் பக்கமாக இருக்க வேண்டும். 25 மி.மீ. குழாய் என்றால் 25 மி.மீ. இடைவெளி. அழுத்த மையத்தைப் பின்னால் இழுத்து வைப்பதுதான் துடுப்புகளின் வேலை. வாலில் பசை ஏற ஏற நிறை மையமும் பின்னால் நகர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அதன்பின் ராக்கெட், ஏவும்போது அதைத் தாங்கி நிற்கும் கம்பியை விட்டதும் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதைச் சோதிக்க மொட்டை மாடி போதும். ராக்கெட் விரல் மேல் சமமாக நிற்கும் இடத்தில், அதாவது நிறை மையத்தில், நூலைக் கட்டி, நழுவாமல் ஒரு துண்டு டேப் ஒட்டி, இரண்டு மீட்டர் நூல் விட்டுத் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. வால் முன்னே வந்தாலோ, குறுக்கே புரண்டாலோ கூம்புக்குள் கொஞ்சம் விளையாட்டுக் களிமண் திணித்து மறுபடி சுற்ற வேண்டும். பலர் இந்தச் சோதனையைச் செய்யவே செய்கிறார்கள், ஆனால் மோட்டார் இல்லாமல்! காலி ராக்கெட்டில் வால் லேசாக இருக்கும், எல்லாமே தேறிவிடும். பயன்படுத்தாத மோட்டார், தீத்தடுப்புத் தாள், பாராசூட் எல்லாம் உள்ளே இருக்க, ஏவப்போகும் அதே நிலையில் சுற்றினால்தான் சோதனை. பயந்துபோய் மூக்கில் களிமண்ணை அள்ளித் திணிப்பதும் தவறுதான். அளவுக்கு மீறி முன்பாரம் ஏறினால் ராக்கெட் காற்று வரும் திசைக்குத் திரும்பி, மேலே போவதற்குப் பதில் சாய்ந்து ஓடும்.

கணினியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். நாசாவில் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரோமன் 1960களில் அழுத்த மையத்துக்கான சமன்பாடுகளைத் தந்தார். இன்று இலவசமாகக் கிடைக்கும் ராக்கெட் மென்பொருள்களும் அந்த வழியில்தான் கணக்குப் போடுகின்றன. கணக்கு சரியாகவே வரும். நீங்கள் பூசிய பசையின் எடை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். கட்டி முடித்ததை எடை போட்டு அந்த எண்ணைக் கொடுங்கள்.

எடை போடச் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் தெரிந்தவர் யாராவது இருந்தால், துடுப்புகளைக் கொண்டுபோய் அந்தத் தராசில் வையுங்கள். பால்சா மரம் பலகைக்குப் பலகை, ஒரே பலகையிலும் இடத்துக்கு இடம், அடர்த்தி மாறும். மூன்று துடுப்பில் ஒன்று மட்டும் கனமாக இருந்தால் உப்புத்தாளில் இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்யலாம்.

துடுப்பு என்றதும் ரேகையைச் சொல்லியாக வேண்டும். மரத்தின் ரேகை துடுப்பின் முன்விளிம்பை ஒட்டி ஓட வேண்டும். தகடு மிச்சமாகட்டும் என்று திருப்பிப் போட்டு வெட்டினால் ரேகை குழாய்க்கு இணையாக வந்துவிடும். அப்படி வெட்டிய துடுப்பு முதல் தரையிறக்கத்திலேயே அடியோடு பிளந்து போகும், எவ்வளவு பசை போட்டாலும். குழாயில் கோடு போடுவதைக் கண்ணளவில் செய்யாதீர்கள். கதவு நிலையின் மூலையிலோ ஒரு துண்டு இரும்பு ஆங்கிளிலோ குழாயைப் படுக்க வைத்து, அந்த விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு நேராக விழும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளை மரப்பசை போதும். பட்டம் ஒட்டிய பழக்கத்தில் மைதாப் பசையையும், ஜவ்வரிசி ஊர் ஆயிற்றே என்று மாவுக் கஞ்சியையும் எடுக்க வேண்டாம். ஈரம் பட்டால் இளகும், பூச்சி அரிக்கும். நொடியில் ஒட்டும் பசை அவசரத்துக்கு உதவும், ஆனால் காய்ந்தபின் முறுமுறுவென்று இருக்கும், அடி பட்டால் விட்டுவிடும். வெள்ளைப் பசையில் முறை இது: துடுப்பின் விளிம்பிலும் குழாயின் கோட்டிலும் மெல்லியதாகத் தடவி, ஒருமுறை அழுத்தி எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் உலர்ந்ததும் மறுபடி ஒரு கோடு பசை வைத்து அழுத்தினால் உடனே பிடிக்கும், சாயாது. முழுக்கக் காய்ந்த பிறகு மூலையில் ஒரு மெல்லிய கரை கட்டி விரலால் வழித்துவிட்டால், துடுப்பு ஒடிந்தாலும் ஒட்டு விடாது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு சொட்டும் வால் பாரம்.

மோட்டார் முன்னே நகராமல் தடுக்கும் வளையத்தை ஒட்டும்போது மட்டும் வேகம் வேண்டும். அட்டைக்குள் அட்டை, நடுவில் வெள்ளைப் பசை: பாதி வழியில் ஒரு நொடி நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், பிறகு தள்ளினால் குழாய்தான் நசுங்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். ஏவுகம்பியில் கோத்துக்கொள்ளும் சின்னக் குழலைக் குழாய்க்கு நேர் இணையாக ஒட்டுங்கள். அதற்குள் பசையோ பெயின்ட்டோ அடைத்துக்கொண்டதா என்று கடைசியில் ஒருமுறை கம்பியை விட்டுப் பாருங்கள்.

கூம்பின் பொருத்தம் சின்ன விஷயமாகத் தெரியும். மேலே போன ராக்கெட் அப்படியே மூக்குக் குத்தி விழுவதற்குக் காரணம் பல நேரம் இதுதான்: கூம்பு கழலாவிட்டால் பாராசூட் வெளியே வராது. தலைகீழாகப் பிடித்தால் கூம்பு விழக்கூடாது. லேசாக இழுத்தால் வந்துவிட வேண்டும். குழாய்க்குள் நுழையும் தோள் பகுதியில் பெயின்ட் பட்டால் இறுகிவிடும். ஏற்காட்டில் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி, மூடுபனி நாட்களில் அட்டையும் பால்சாவும் ஈரம் குடித்து உப்பும். கீழே சேலத்தில் சரியாக இருந்த கூம்பு மேலே போனதும் அசைய மறுக்கும். அந்த ஈரத்தில் பசை காயவும் நேரமாகும், ஸ்ப்ரே பெயின்ட் வெளுத்துப் போகும். பெயின்ட்டை வெயிலேறிய பிறகு, மெல்லிய கோட்டாக அடியுங்கள்.

கூம்பையும் குழாயையும் இணைக்கும் எலாஸ்டிக் குட்டையாக இருந்தால் வெளியே தெறித்த கூம்பு திரும்பி வந்து குழாயையே இடிக்கும். ராக்கெட்டின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். பாராசூட்டை முந்தின நாளே மடித்துத் திணித்துவிட்டுத் தூங்கப்போகாதீர்கள், ஏவும் இடத்தில் மடியுங்கள். பிளாஸ்டிக் பாராசூட் என்றால் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் ஒட்டிக்கொள்ளாது. அதற்கும் மோட்டாருக்கும் நடுவே தீத்தடுப்புத் தாளைக் குழாய் விட்டத்தில் இரண்டு மடங்கு நீளத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். இங்கேதான் தாராளக்காரர்கள் திடீரென்று கஞ்சர்களாகிறார்கள். டிஷ்யூ, பஞ்சு, செய்தித்தாள் எல்லாம் தீப்பிடிக்கும் பொருள்கள், மாற்று ஆகாது.

மோட்டாரைப் பற்றி முதலில் சட்டம். உள்ளே இருப்பது கருமருந்து. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் இதைத் தொடும். ஆகவே உரிமம் உள்ளவரிடமே வாங்குங்கள். ரயிலில் கொண்டுவராதீர்கள். ஏவும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லி அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தெடுத்து மோட்டார் செய்வது தவறு என்ற கணக்கிலேயே வராது. அது விரல் போகும் வேலை.

மோட்டாரின் மேல் A8-3 என்பது போல எழுதியிருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவைச் சொல்கிறது: A என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, B 5 வரை, C 10 வரை, ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ள எத்தனை நொடி காத்திருக்கும் என்பது. அது 0 என்றிருந்தால் பல அடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது, ஒற்றை ராக்கெட்டில் போடவே கூடாது. கிட் உறையில் சொன்ன பட்டியலில் இருப்பதிலேயே சிறியதில் தொடங்குங்கள். பெரியதைப் போட்டுப் பார்ப்போம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. லேசான ராக்கெட்டை C மோட்டார் 300 மீட்டர் தூக்கியது என்று வையுங்கள். பாராசூட் நொடிக்கு 4.5 மீட்டர் இறங்கினால் தரைக்கு வர ஒரு நிமிடத்துக்கும் மேல். காற்று மணிக்கு 15 கி.மீ. அடித்தால் அதற்குள் ராக்கெட் கால் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். கன்னங்குறிச்சியில் ஏவியது மூக்கனேரித் தண்ணீரில் நனைந்தால் ஆச்சரியமில்லை. 80 மீட்டர் மட்டும் போனால் 75 மீட்டர் தூரத்தில் எடுத்துவிடலாம்.

இன்னொன்று: சித்திரை வெயிலில் மோட்டாரை வண்டி டிக்கிக்குள் விட்டுவிடுவது. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டால் மருந்தில் விரிசல் விடும், ஏவும்போது மோட்டார் வெடிக்கும்.

இடத்துக்கு அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி நல்ல அளவுகோல். மைதானத்தின் ஒவ்வொரு பக்கமும் A மோட்டாருக்குக் குறைந்தது 30 மீட்டர், B-க்கு 60, C-க்கு 120 இருக்க வேண்டும். காற்று மணிக்கு 32 கி.மீ. தாண்டினால் ஏவக்கூடாது. ஏற்காட்டில் இந்த அளவு வெட்டவெளி தேடினால் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும்தான் கண்ணில் படும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தை விடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, பாராசூட் சற்று வேகமாகவே இறங்கும். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதே குற்றம். சமவெளிக்கு வாருங்கள். ஆனால் காமலாபுரம் விமான நிலையப் பக்கம் வேண்டவே வேண்டாம். வறண்ட ஏரிப்படுகை நல்லது, சீமைக்கருவேலம் இல்லாத பகுதியாகப் பாருங்கள். காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டு, ஏவுதட்டுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள்.

"அண்ணா, திரி எங்கே?" என்று பையன்கள் கேட்பார்கள். திரியும் ஊதுபத்தியும் கிடையாது, மின்சாரத்தில் மட்டுமே பற்ற வைக்க வேண்டும், குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்று. மோட்டாருக்குள் செருகும் பற்றவைப்பியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டால் பற்றாது, அதன் நுனி மருந்தைத் தொடாவிட்டாலும் பற்றாது. பற்றவில்லை என்றதும் ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே மோசமான தவறு. பற்றவைக்கும் மின்கருவியின் பாதுகாப்புச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு 60 நொடி நில்லுங்கள்.

மின்கம்பியில் மாட்டிக்கொண்ட ராக்கெட்டைத் தொரட்டி வைத்து எடுக்கப் போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நல்லபடியாக இறங்கியதையும் அடுத்த மோட்டார் போடும் முன் ஒருமுறை பாருங்கள்: துடுப்பு அடியில் கீறல், எலாஸ்டிக் கருகியிருக்கிறதா, குழாயின் வாய் கிழிந்திருக்கிறதா.