லினக்ஸ் ஹார்டுவேர் ரிவ்யூ தளம்: தொடங்குவதும் நடத்துவதும்

"லினக்ஸில் நன்றாக ஓடுகிறது" என்ற வரியை எந்த ரிவ்யூவிலும் தனியாக நிற்க விடக்கூடாது. எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), எந்த ஃபர்ம்வேர் தொகுப்பு (சாதனச் சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்), எந்த மெசா (கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), எந்த பயாஸ் (இயந்திரத்தைத் தொடக்கும் மென்பொருள்) என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரிக்கு மதிப்பு. 2024 ஏப்ரலில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பு வெளிவந்தபோது அதிலிருந்தது கெர்னல் 6.8. அதே 24.04 வரிசையின் மூன்றாம் புள்ளி வெளியீட்டில் (24.04.3) இருப்பது 6.14. முதலாவதில் வைஃபையே தெரியாத புது லேப்டாப் இரண்டாவதில் ஒரு தொல்லையும் தராமல் ஓடலாம். இரண்டுமே "உபுண்டு 24.04"தான். அறுபதாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது இந்த வித்தியாசம். தளத்தின் வேலை முழுவதும் இதைச் சுற்றியே அமைய வேண்டும்.

எதை ரிவ்யூ செய்வது

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு பெஞ்ச்மார்க்குகளை (வேகச் சோதனைகளை) மைக்கேல் லாராபெல் 2004இல் தொடங்கிய ஃபோரோனிக்ஸ் தளம் அன்றாடம் வெளியிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர் அந்தத் துறையில் இறங்கிப் பயனில்லை. நடுத்தர விலை லேப்டாப், மினி பிசி, யுஎஸ்பி வைஃபை, யுஎஸ்பி-சி டாக் (திரையையும் மற்ற சாதனங்களையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி), பிரிண்டர் போன்றவற்றை லினக்ஸ் கண்ணோடு பார்த்து எழுதுபவர்கள் குறைவு. இவற்றில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் ஆண்டை ஓட்டுங்கள். செலவு குறைவு, வாசகருக்கு உடனே பயன்படும், சோதனை முறையும் கையில் படியும்.

சின்னப் பொருள்தானே என்று இளக்காரம் வேண்டாம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை அடாப்டரைப் பாருங்கள். முதல் பதிப்பில் இருந்தது அத்தரோஸ் ஏஆர்9271 சிப். டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். இரண்டாம் பதிப்பில் அதே பெயருக்குள் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. இது முற்றிலும் வேறு டிரைவர், வேறு நடத்தை. பழைய ரிவ்யூவை நம்பி வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த பிறகுதான் கண்டுகொண்டார்கள். ஆகவே உங்கள் தளத்தில் ஒரு பொருளின் அடையாளம் அதன் மாடல் பெயரோடு நின்றுவிடக் கூடாது. மாடல், ஹார்டுவேர் பதிப்பு எண், பிசிஐ அல்லது யுஎஸ்பி ஐடி (சிப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகிய மூன்றும் சேர்ந்ததே அடையாளம். பக்கத்தின் முதல் பத்தியிலேயே மூன்றும் இருக்கட்டும். ஐடியைப் போட்டுத் தேடி வருகிறவர்கள் ஏராளம்.

மேசையில் என்ன வேண்டும்

ஒரே மாதிரியான 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு, என்விஎம்இ யுஎஸ்பி பெட்டி ஒன்று, வென்டாய் (பல இன்ஸ்டாலர்களை ஒரே பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் கருவி) போட்ட 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று, சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர், யுஎஸ்பி-சி கேபிளுக்கு நடுவே செருகும் பவர் மீட்டர், அறை வெப்பமானி, ஒரு யுபிஎஸ். வைஃபை வேகம் அளக்க ரவுட்டர் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, அதன் ஃபர்ம்வேரை மாற்றாமல் வையுங்கள். ரவுட்டர் அப்டேட் ஆன மறுநாளே பழைய எண்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.

எஸ்எஸ்டி இரண்டு எதற்கு என்றால், ஒன்றில் உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), மற்றொன்றில் புதிய கெர்னலை விரைவில் தரும் ஃபெடோரா அல்லது ஆர்ச். நிலையான பதிப்பில் என்ன நடக்கிறது, புதிய கெர்னலில் என்ன நடக்கிறது என்ற இரண்டு பத்தியும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் அருகருகே வரவேண்டும்.

லேப்டாப்போடு வந்த எஸ்எஸ்டியை அழிக்காதீர்கள். கழற்றி உறையில் போட்டு வையுங்கள். கழற்ற முடியாத இயந்திரமானால் குளோன்சில்லா என்ற டிஸ்க் நகல் கருவியால் முழுப் படிமம் எடுங்கள். எல்விஎஃப்எஸ் (லினக்ஸுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தரும் சேவை) வழியாக பயாஸ் அப்டேட் தராத நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்கு விண்டோஸ் தேவைப்படும். செக்யூர் பூட்டில் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பயாஸ் அமைப்பு) கைவைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி (டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் தனி முறை) இயங்கிக்கொண்டிருந்தால் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாமல் போகலாம். அதை ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் லினக்ஸ் ஏறிவிடும், ஆனால் பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். இதையும் ரிவ்யூவில் எழுதுங்கள், இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதில்தான் முதலில் மாட்டுகிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

நிறுவியவுடன், எந்தப் பேக்கேஜையும் ஏற்றாமல், எதையும் சரிசெய்யாமல், இருக்கும் நிலையைப் பதிவுசெய்யுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐடியும் அது பயன்படுத்தும் டிரைவரும் வரும். "பயன்பாட்டில் உள்ள டிரைவர்" என்ற வரியே இல்லாத சாதனம்தான் பெரும்பாலும் பிரச்சினை. அடுத்து எல்எஸ்யுஎஸ்பி (யுஎஸ்பி சாதனப் பட்டியல்), டிஎம்ஐடிகோட் (மாடல், பயாஸ் விவரம்), டிமெசெஜ் (கெர்னலின் பதிவுகள்). டிமெசெஜ்ஜில் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்ற வரிகளைத் தேடுங்கள். டிரைவர் இருந்தும் வைஃபை எழாமல் இருப்பதற்கு இதுவே அடிக்கடி காரணம்; கெர்னலை விட்டுவிட்டு ஃபர்ம்வேர் தொகுப்பை மட்டும் புதுப்பித்தால் தீர்ந்துவிடும்.

இந்தக் கோப்புகளை அப்படியே தளத்தில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் சீரியல் எண்ணையும் மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் தனி எண்) நீக்க மறக்காதீர்கள். டிஎம்ஐடிகோட் வெளியீட்டில் சீரியல் எண் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும்.

பிறகு வரிசையாக வைஃபை, ப்ளூடூத், ஸ்பீக்கர், மைக், கேமரா, கைரேகை, ஒலி-ஒளிச் சாவிகள், வெளித்திரை, எஸ்டி கார்டு. முடிவை மூன்று நிலையாகப் பிரியுங்கள்: தானாக ஓடியது, ஒரு வேலை செய்தபின் ஓடியது (அந்த வேலை என்னவென்று முழுக் கட்டளையோடு), ஓடவில்லை. புதிய இன்டெல் லேப்டாப்புகளில் கேமராவை முதலில் சந்தேகியுங்கள். யுஎஸ்பி வழி வராமல் ஐபியு6 போன்ற படச் செயலி வழியாக வரும் கேமராக்கள் உண்டு. அவற்றில் சாதனம் பட்டியலில் தெரியும், படம் வராது. கைரேகைக்கு ஐடியை லிப்எஃப்பிரிண்ட் (லினக்ஸின் கைரேகை மென்பொருள்) ஆதரவுப் பட்டியலில் பார்த்தால் போதும், இல்லையென்றால் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

உறக்கம்

லேப்டாப் ரிவ்யூவில் பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடமும், வாங்கியவர் தினமும் அவதிப்படும் இடமும் இதுதான். இதற்கு மட்டும் இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

சிஸ் கோப்பமைப்பில் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் இடம்) பவர் கோப்புறைக்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்தால் இயந்திரம் எந்த உறக்க முறைகளைத் தருகிறது என்று தெரியும். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்2ஐடில் மட்டுமே இருக்கும், பழைய எஸ்3 (ரேம் தவிர பெரும்பாலானவை அணைந்துவிடும் முறை) இருக்காது. எஸ்2ஐடிலில் வன்பொருளின் ஒவ்வொரு பாகமும் தானாக அடங்கினால்தான் மின்சாரம் மிச்சமாகும்; ஒன்று விழித்திருந்தாலும் மொத்தமும் விழித்திருப்பது போலத்தான்.

அளப்பது எளிது. சார்ஜரையும் யுஎஸ்பி சாதனங்களையும் கழற்றிவிட்டு, சிஸ் கோப்பமைப்பின் பேட்டரிக் கோப்புறையில் எனர்ஜி_நவ் (பேட்டரியில் இப்போது மிஞ்சியிருப்பது) மதிப்பைக் குறியுங்கள். மூடியைச் சாத்தி எட்டு மணி நேரம் விட்டு, திறந்ததும் மறுபடி குறியுங்கள். 54 வாட்-மணி பேட்டரியில் தொடக்கம் 50.2, முடிவு 47.0 என்றால், செலவு 3.2 வாட்-மணி. எட்டால் வகுத்தால் 0.4 வாட். அதாவது ஒரு நாள் முழுக்க மூடி வைத்தால் சுமார் 18 சதவீதம் போகும், ஏற்றுக்கொள்ளலாம். இதுவே 2 வாட் என்றால் முழுச் சார்ஜோடு பையில் போட்டாலும் 27 மணி நேரத்தில் காலி, பையும் சூடேறும். சில பேட்டரிகள் எனர்ஜி_நவ் தராமல் சார்ஜ்_நவ் மட்டும் தரும். அதை மின்னழுத்தத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எண் அதிகமாக வந்தால் காரணத்தையும் தேடிச் சொல்லுங்கள். புதிய கெர்னல்களில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் கோப்புறைக்குள் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்ற எண் இருக்கும். வன்பொருள் உண்மையில் எவ்வளவு நேரம் ஆழ்ந்து உறங்கியது என்பதை அது மைக்ரோவினாடியில் சொல்லும். எட்டு மணி நேரம் மூடியிருந்தும் அது பூஜ்யமாக நின்றால், இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடந்திருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றிப் பாருங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள், பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது சோதனை, திரும்பத் திரும்ப எழுப்புவது. ஆர்டிசிவேக் (உறங்க வைத்து, குறித்த நேரத்தில் எழுப்பும்) கட்டளையால் 60 வினாடி உறக்கம், 30 வினாடி விழிப்பு என்று 20 சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வைஃபையும் டச்பேடும் ஒலியும் திரும்பி வந்தனவா என்று லாக் எழுதச் சொல்லுங்கள். முதல் மூன்று சுற்றில் ஒழுங்காக எழுந்து, பன்னிரண்டாவதில் வைஃபை தொலைந்துபோகும் இயந்திரங்களை இப்படித்தான் பிடிக்க முடியும். டாக் செருகியபடி இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

வேகம் அளப்பது

முதலில் பவர் புரொஃபைலையும் கவர்னரையும் (பிராசசர் வேகத்தை முடிவுசெய்யும் அமைப்பு) குறியுங்கள். ஏஎம்டி பி-ஸ்டேட், இன்டெல் பி-ஸ்டேட் என்ற வேகக் கட்டுப்பாட்டு டிரைவர்கள் இரண்டிலும் வழக்கமான ஆக்டிவ் முறையில் "பவர்சேவ்" என்ற பெயர் பழைய கவர்னரைப் போல வேகத்தை அடியில் பூட்டுவதில்லை; பெயரைப் பார்த்து பயந்து மாற்றிவிட்டு அளந்தால், வாங்குகிறவர் காணாத எண் ஒன்று கிடைக்கும். டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் பதிப்பு) தரும் இயல்பு நிலையில் ஒரு முறை, பெர்ஃபார்மன்ஸில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை ஓட்டுவது நல்லது.

குறுகிய சோதனை ஏமாற்றும். லேப்டாப் பிராசசர்கள் தொடக்கத்தில் சுமார் அரை நிமிடம் உயர்ந்த வாட்டில் ஓடிவிட்டுப் பின்பு இறங்கும். இருபது வினாடியில் முடியும் பெஞ்ச்மார்க் அந்த உச்சத்தை மட்டும் அளக்கிறது. ஒரே பதிப்பு கெர்னல் மூலத்தை, டெஃப்கான்ஃபிக் (இயல்பு) அமைப்போடு, அரை மணி நேரம் மறுபடி மறுபடி கம்பைல் செய்யுங்கள். முதல் சுற்று நேரமும் கடைசிச் சுற்று நேரமும் எவ்வளவு விலகுகின்றன என்பதில் ஃபேனும் ஹீட்சிங்கும் தெரிந்துவிடும். டர்போஸ்டாட் கருவியைப் பக்கத்தில் ஓடவிட்டால் அதிர்வெண்ணும் வெப்பமும் வாட்டும் ஒன்றாகப் பதிவாகும். ஜிசிசி (கம்பைலர்) பதிப்பு மாறினால் கம்பைல் நேரமும் மாறும், அதையும் எழுதுங்கள்.

அறை வெப்பம் இங்கே பெரிய விஷயம். சென்னையில் மே மாத மதியம் 34 டிகிரியில் அளந்ததை, ஏசி அறையில் 25 டிகிரியில் அளந்ததோடு ஒரே வரைபடத்தில் போடக்கூடாது. ஒரு வெப்பநிலையை முடிவுசெய்து அதிலேயே எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஆனால் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் எடுத்த ஒரு எண்ணைத் தனியாகக் கொடுங்கள். வாசகர்களில் பலர் அப்படிப்பட்ட அறையில்தான் வேலை செய்கிறார்கள், அந்த ஒரு எண்ணுக்காகவே உங்கள் தளத்துக்கு வருவார்கள்.

ஒவ்வொரு சோதனையும் ஐந்து முறை. நடு மதிப்பை வெளியிடுங்கள், ஐந்து எண்ணையும் கோப்பாகக் கொடுங்கள். விலகல் நான்கு சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் அப்டேட் ஓடுகிறதா, இயந்திரம் ஆறாமல் அடுத்த சுற்று தொடங்கியதா என்று பாருங்கள். ஃபோரோனிக்ஸ் டெஸ்ட் சூட் இந்த வேலையில் பாதியைத் தானே செய்யும். ஏற்ற இறக்கம் மிகுந்தால் கூடுதல் சுற்றும் ஓட்டும்.

எஸ்எஸ்டிக்கு எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவி போதும். டைரக்ட்=1 கொடுக்க மறந்தால் ரேமின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். எழுதும் அளவு 100 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும், எஸ்எல்சி கேஷ் (டிஸ்க்குக்குள் உள்ள வேகமான தற்காலிகப் பகுதி) தீர்ந்தபின்தான் மலிவு டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளிவரும். 1 ஜிபி எழுதிப் பார்த்தால் எல்லா டிஸ்க்கும் நல்ல டிஸ்க்காகவே தெரியும்.

மின்சாரம் அளக்கும்போது, ஆர்ஏபிஎல் (பிராசசருக்குள் இருக்கும் மின்கணக்கி) எண் பெரும்பாலும் பிராசசரை மட்டும் சொல்லும். திரையும் சார்ஜர் இழப்பும் அதில் வராது. 2020இல் பிளாட்டிபஸ் பாதுகாப்புக் குறை வெளியானபின் ஆர்ஏபிஎல் எண்ணைப் படிக்க ரூட் (நிர்வாகி) உரிமையும் வேண்டும். மொத்தச் செலவுக்கு வாட் மீட்டர்தான்.

பழைய எண்களைப் புதிய அட்டவணையில் ஒட்டாதீர்கள். 2018இல் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் கெர்னலில் வந்து வேகம் குறைந்தபோது அதற்கு முந்தைய எண்கள் பல ஒப்பீட்டுக்கு உதவாமல் போயின. ஒப்பிட வேண்டிய பழைய இயந்திரத்தை அதே கெர்னலில் மறுபடி ஓட்டுங்கள். முடியவில்லையென்றால் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தளம், பணம், நிறுவனங்கள்

ஹியூகோ போன்ற நிலைப்பக்கக் கருவி போதும். எண்களைக் கட்டுரைக்குள் தட்டச்சு செய்யாமல் தனி யாமல் (YAML) தரவுக் கோப்பில் வைத்து, அட்டவணையும் வரைபடமும் அதிலிருந்து உருவாகும்படி அமையுங்கள். மறுசோதனை முடிந்ததும் ஒரு கோப்பைத் திருத்தினால் எல்லாப் பக்கமும் மாறிவிடும். பட்டை வரைபடம் பூஜ்யத்திலிருந்தே தொடங்கட்டும். பக்கத்தின் தலையில் "கடைசியாகச் சோதித்தது" என்று தேதியும் கெர்னல் எண்ணும். இணைய முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள்.

நிறுவனம் கடனாக அனுப்பும் இயந்திரமும் கடையில் விற்கும் இயந்திரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வைஃபை கார்டும் எஸ்எஸ்டியும் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி மாறும். கடையில் வாங்கிய ஒருவரிடமிருந்து எல்எஸ்பிசிஐ வெளியீட்டைப் பெற்று ஒப்பிட்டுவிட்டு வெளியிடுங்கள். கட்டுரையை முன்கூட்டிக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கண்ட குறையை மட்டும் சில நாள் முன்னதாகத் தெரிவித்து விளக்கம் கேளுங்கள். குறை கெர்னலில் என்றால் அங்கே பிழை அறிக்கை கொடுத்து, அதன் இணைப்பை ரிவ்யூவில் சேருங்கள்.

இலவசமாக வந்ததா, கடனா, காசு கொடுத்து வாங்கியதா என்பது முதல் பத்தியிலேயே வரவேண்டும். விளம்பர ஆதரவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இலவசப் பொருளும் அதில் அடக்கம். கமிஷன் இணைப்பு இருந்தால் அதன் பக்கத்திலேயே குறியுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

வாசகர் அனுப்பும் அனுபவத்தைச் சேர்க்கும்போது கெர்னல், பயாஸ், சாதன ஐடி மூன்றையும் கட்டாயப் புலமாக வையுங்கள். இல்லாவிட்டால் வருவது "எனக்கு ஓடவில்லை" என்ற ஒரு வரி மட்டுமே, அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

விற்பனை நின்ற மாடலின் பக்கத்தை அழிக்காதீர்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து அதே இயந்திரம் சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்கும் குறைவாக வரும்போது அந்தப் பக்கத்தைத் தேடுவார்கள். இயந்திரம் கையில் இருந்தால் ஒவ்வொரு எல்டிஎஸ் வெளியீட்டுக்கும் உறக்கச் சோதனையையும் முதல் மணி நேரப் பட்டியலையும் மறுபடி ஓட்டுங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டால், கடைசியாகச் சோதித்த கெர்னல் எண்ணைத் தலையில் அப்படியே விட்டு, "இதற்குப்பின் சோதிக்கவில்லை" என்று ஒரு வரி சேருங்கள்.