சென்னை ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாரிமுனைக்குப் பின்னால் ஒரு தெருவில் ஐந்தாறு இளைஞர்களைப் பார்த்தேன். பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "இது ஹெரிட்டேஜ் பில்டிங்மா, இடிக்க விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான். அதனால்தான் எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கீழ்த்தளத்தோடு பார்வையை நிறுத்துவது

கீழே இருப்பதெல்லாம் ஷட்டரும் ஃப்ளெக்ஸ் போர்டும்தான். சாய்வுப் பலகை வைத்த மர ஜன்னல், சுதை வேலை, கைப்பிடிச் சுவரில் பதித்த வருடம் எல்லாம் மாடியில் இருக்கும். எதிர்ச்சாரிக்குப் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள்.

வார நாளில் போவது

சரக்கு ஏற்றிவரும் மீன்பாடி வண்டிக்கு வழிவிடவே நேரம் சரியாகிவிடும். ஞாயிறு காலை ஏழு மணி.

வீட்டுக்காரரிடம் கட்டடத்தின் பெருமையைப் பேசுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதே வட்டாரத்தில் முற்றம் வைத்த ஒரு வீடு. அங்கிருந்த பெரியவர், "வாங்க தம்பி, மேல வந்து பாருங்க" என்று அவராகவே கூப்பிட்டார். மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை. தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின்மேல் சின்னச் செங்கற்களைக் கோணவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்த தளம். அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு.

நான் அதைப் பார்த்து மலைத்து நின்றேன். பெரியவர் காட்ட நினைத்தது வேறு. உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் விரலால் அழுத்தினார். ஈரத் தூளாக உதிர்ந்தது. "மழைக்கு இங்கதான் ஒழுகுது. மேல சிமென்ட் பூசினோம், அப்புறம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. என்ன பண்ணலாம் தம்பி?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. கட்டடத்தின் வயதைச் சொன்னேன், அருமையைச் சொன்னேன். "ஹெரிட்டேஜ் பில்டிங்னு அரசாங்கப் பட்டியல்ல சேத்துட்டா இதை யாராலயும் தொட முடியாது ஐயா" என்று உற்சாகமாக முடித்தேன். வீட்டுக்கு நான்கு பங்காளிகள் என்பது எனக்குத் தெரியாது. யாராலும் தொட முடியாது என்றால் விற்க முடியாது, பாகம் பிரிக்க முடியாது என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கிறது. அடுத்த முறை கதவு திறக்கவில்லை. எட்டு மாதத்தில் வீடே இல்லை. பட்டியல் பயத்தில்தான் அவசரப்பட்டார்கள் என்றும், உத்திரங்களைப் பழைய மர வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார் என்றும் எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மவுண்ட் ரோட்டில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது காப்பாற்றியது நீதிமன்றம்தான். 2010-ல் தீர்ப்பும் வந்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அது பாழடைந்துதான் கிடந்தது. ஒழுகுகிற கூரைக்குத் தேவை கொத்தனார்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, அந்த சிமென்ட்டைக் கொத்தி எடுங்கள் என்பதுதான். சுண்ணாம்புத் தளம் நனைந்தாலும் தானாகக் காய்ந்துவிடும். மேலே சிமென்ட் போட்டால், விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தின் முனையில் போய்த் தேங்கும். முனை மட்டும் உளுத்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தாங்கல் கொடுக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குள் கூப்பிட்டாலும், எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதுவது

அரண்மனைக்காரன் தெருவின் பெயரிலேயே ஆர்மீனியர்கள் இருக்கிறார்கள்: 'அர்மேனியன்' என்பதுதான் நம் வாயில் அரண்மனையாகிவிட்டது. அவர்களுடைய தேவாலயம் 1712-ல் எழும்பி, 1772-ல் திரும்பக் கட்டப்பட்டது. அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில். அதே தெருவில் கோகலே மண்டபம். அன்னி பெசன்ட் முன்னின்று 1915-ல் கட்டியது, தன்னாட்சிப் பேச்சு முழங்கிய இடம். ஒரே தெருவில் இவ்வளவு இருக்கும்போது, உயர்நீதிமன்றக் கும்மட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள்.

பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் மரப்படியில் ஏறுவது

ஏறாதீர்கள். கரையான் உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே பெயின்ட் மட்டும் நிற்கும்.